செஞ்சிக் கோட்டையில் நமக்குரியது எது?



2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியரின் இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராட்டிர மாநிலத்தைச் சேர்ந்தவை. பன்னிரண்டாவது நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் எத்தனையோ முறை பேருந்தின் சன்னல் வழியே அந்த மலைகளைப் பார்த்துக் கடந்துபோன குடும்பங்கள் இனி அங்கே இறங்கி நடக்கும். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். பெற்றோர் விடை சொல்லியாக வேண்டும்.

அந்தக் கேள்விகளுள் ஒன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது. கீழ்க்கோட்டையில் கோயிலும் இருக்கிறது, பள்ளிவாசலும் இருக்கிறது. பள்ளிவாசலைக் கட்டியவர் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான். தமிழகமெங்கும் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் வாழ்ந்துகொண்டிருக்கும் ராஜா தேசிங்கு போரிட்டு மாண்டது அந்த நவாபின் படையுடன்தான். "அப்படியானால் நாம் யார் பக்கம்?" என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? பள்ளியில் உடன் படிக்கும் தோழன் அதே கேள்வியை வேறு தொனியில் கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

விடையை நாம் கற்பனையில் தேட வேண்டியதில்லை. செஞ்சியின் கற்களே அதை வைத்திருக்கின்றன.

கோட்டைக்கு முந்திய செஞ்சி

மதில்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது வழிபாட்டின் நிலம். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. தமிழ் எழுத்து வளர்ந்த வழியை ஆராய்வோர் இன்றும் தேடிப்போகும் கல்வெட்டு அது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றளவும் இயங்குகிறது. தமிழே தாய்மொழியாகக் கொண்ட நயினார் குடும்பங்கள் இப்பகுதியின் ஊர்களில் வாழ்ந்து வருகின்றன.

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்து அரங்கநாதர் கோயில் இருக்கிறது. விழுப்புரம் செல்லும் வழியருகே மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மகேந்திரவர்மனின் குடைவரை உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி இதை அமைத்ததாக அவன் அங்கே கல்லில் பெருமிதத்துடன் பொறித்து வைத்திருக்கிறான். அதுவரை தமிழகத்துக் கோயில்கள் அழியும் பொருள்களால் கட்டப்பட்டிருந்தன என்பதை அந்தப் பெருமிதமே நமக்கு உணர்த்துகிறது.

இவற்றுள் எதுவும் நம் மார்க்கத்தின் வழிபாட்டிடம் அன்று. ஆயினும் நம் வாயில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல் நம்மை இவர்களோடு பிணைத்து வைத்திருக்கிறது. அது 'பள்ளி' என்னும் சொல். பழந்தமிழில் அது சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்தது. அவர்களுக்கு விடப்பட்ட இறையிலி நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று பெயர். 1006-ஆம் ஆண்டளவில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூளாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தபோது, செப்பேடு அந்தப் பௌத்த விகாரத்தையும் பள்ளி என்றே அழைத்தது. பின்னர் பதின்மூன்றாம் நூற்றாண்டில், பாண்டிய நாட்டுக் கடற்கரையில் பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகரின் தொழுமிடத்துக்கு நிலம் விடப்பட்டதைத் திருப்புல்லாணிக் கல்வெட்டு சொல்லும்போது, அதுவும் பள்ளிதான். அரபு மொழியின் 'மஸ்ஜித்' என்ற சொல்லை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அறிந்திருந்தும், இந்த மண்ணில் இறைவணக்கத்துக்கும் கல்விக்கும் உரிய இடத்துக்கு ஏற்கெனவே என்ன பெயர் இருந்ததோ அதையே தம் தொழுமிடத்துக்கும் ஏற்றனர். அதனால் அவர்களுடைய தவ்ஹீது குன்றிவிடவில்லை. அண்டை அயலார்க்கும் தம் தொழுமிடம் இன்னதென்று புரிந்தது.

கோட்டை யாருடையது?

இனிக் கோட்டைக்கு வருவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்து அமைந்தது செஞ்சிக் கோட்டை. ராஜகிரி மட்டும் சுமார் 240 மீட்டர் உயரம். கோனார் மரபினர் தொடங்கியதாகச் சொல்லப்படும் இக்கோட்டையை விசயநகரத்தின் கீழ் ஆண்ட நாயக்கர்கள் பெருக்கினர். 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை அதைக் கைப்பற்றியது. 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட்டுப் பிடித்தார். 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-இல் ஆங்கிலேயரும் வந்தனர்.

இந்தப் பட்டியலை இந்து அரசர், முஸ்லிம் அரசர் என்று இரண்டு நிறங்களில் தீட்டிக் காட்டுவோர் உள்ளனர். ஆனால் சற்று நெருங்கிப் பார்த்தால் நிறங்கள் கலைந்துவிடுகின்றன. 1648-இல் செஞ்சியை நோக்கி வந்த பீஜப்பூர்ப் படையில் பணியாற்றியவர் சிவாஜியின் தந்தை ஷாஹாஜி. 1677-இல் சிவாஜி தெற்கே வந்தபோது அவருக்குத் துணைநின்றவர் கோல்கொண்டாவின் முஸ்லிம் சுல்தான் அபுல்ஹசன் குத்புஷா. சிவாஜியின் மகன் இராசாராம் அடைக்கலம் புகுந்திருந்த செஞ்சியைச் சுற்றி வளைத்த முகலாயப் படையின் முன்னணித் தளபதிகளுள் ஒருவர் தல்பத் ராவ் புந்தேலா என்னும் இராசபுத்திரர். மன்னர்கள் நிலத்துக்காகவும் வரிக்காகவும் போரிட்டனர். எதிரே நிற்பவன் யார் என்பதை அவர்களுக்குச் சமயம் தீர்மானிக்கவில்லை.

ராஜா தேசிங்கின் கதையும் இத்தகையதே. அவருடைய தந்தை சரூப் சிங், ஔரங்கசீப்பிடம் பணியாற்றிச் செஞ்சியைப் பெற்ற புந்தேல இராசபுத்திரர். தந்தை 1714-இல் இறந்ததும் மகன் பொறுப்பேற்றார். கட்டவேண்டிய பேஷ்குஷ் பாக்கியை ஆற்காட்டு நவாப் கேட்டார். தேசிங்கு மறுத்தார். முகலாய அதிகாரத்தின் கீழிருந்த இருவருக்கிடையே எழுந்த வரிப் பூசல் அது. 1714 அக்டோபர் 3 அன்று, இருபத்திரண்டு வயதில் தேசிங்கு போர்க்களத்தில் மடிந்தார்.

அவரோடு மடிந்தவர்களுள் நம் பிள்ளைகள் அறிந்தே ஆகவேண்டிய ஒருவர் மகபத்கான். தேசிங்கின் உயிர்த்தோழர், முஸ்லிம். தன் திருமணத்தின் நடுவே போர்ச் செய்தி கேட்டு, மாலையும் கையுமாய் இருந்தவர் எழுந்து குதிரையேறி வந்தார் என்கிறது கதைப்பாடல். பாடலில் கற்பனை கலந்திருக்கும், மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எந்தக் கற்பனையை மக்கள் முந்நூறு ஆண்டுகளாகப் பாதுகாத்தார்கள் என்பது கவனத்துக்குரியது. நவாபின் வெற்றியைப் பாடுவதற்கு ஊரில் ஆளில்லை. இந்து அரசனுக்காக உயிர்விட்ட முஸ்லிம் தோழனை, இந்துப் பாடகர்கள் இரவெல்லாம் விழித்திருந்து, கேட்போர் கண்கலங்கப் பாடினார்கள்.

தேசிங்கின் இளம் மனைவி அவரது சிதையில் உயிர் துறந்தார் என்பதும், அந்தச் செய்தியால் மனம் கலங்கிய நவாப் அவர் நினைவாகவே பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டையை அமைத்தார் என்பதும் மக்கள் வழக்கு. வென்றவனுக்கும் தன் வெற்றி கசந்தது என்று நம்பவே ஊர் விரும்பியிருக்கிறது.

ஆகவே "நாம் யார் பக்கம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் சொல்லவேண்டியது இதுதான்: அந்தப் போரில் முஸ்லிம்களின் பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. முஸ்லிம்கள் இரு பக்கமும் இருந்தார்கள். நீ ஒருவரைத் தேர்ந்துகொள்ள விரும்பினால், வரி வசூலிக்க வந்தவரைவிட நட்புக்காக வந்தவரைத் தேர்ந்துகொள்வதில் உன் ஈமானுக்கு எந்தக் குறையும் இல்லை.

கல் சொல்லும் கதை

கட்டடக் கலையைப் பார்த்தாலும் இதே உண்மைதான். கீழ்க்கோட்டையிலுள்ள வேங்கடரமணர் கோயில் நாயக்கர் காலத்தது. அதன் கோபுரவாயிலில் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடையும் காட்சியும் நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. ராஜகிரியின் மேலே கமலக்கண்ணி அம்மன் கோயிலும் அரங்கநாதர் கோயிலும் உள்ளன. இவை தூணும் உத்திரமுமாக எழுந்த தமிழ்க் கல்தச்சு மரபு. இந்த முறையில் ஒரு கூடத்தை அகலப்படுத்த வேண்டுமானால் தூண்களைப் பெருக்கியே ஆகவேண்டும். கல் உத்திரம் ஓரளவுக்கு மேல் நீண்டால் முறிந்துவிடும்.

அதே கோட்டையில் நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்தால் வேறொரு முறையைக் காண்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு வளைவாக அடுக்கி, பாரத்தை இருபுறச் சுவர்களுக்கும் இறக்கிவிட்டு, இடையே தூணில்லாமல் அகன்ற இடத்தை மூடியிருக்கிறார்கள். பாரசீகமும் தக்காணத்துச் சுல்தானியங்களும் வளர்த்தெடுத்த கலை இது. கல்யாண மகாலில் இந்த இரு மரபுகளும் ஒரே கட்டடத்தில் கைகோக்கின்றன. அடுக்கடுக்காக உயரும் அதன் மாடத்தில் வளைவுகள் சுல்தானிய மரபைக் காட்டுகின்றன. உச்சியில் கூம்பிய கூரை கோயில் விமானத்தை நினைவூட்டுகிறது. கிருஷ்ணகிரியின் மேலுள்ள அரச மண்டபமும் குவிமாடம் கொண்டதே. வளைவும் குவிமாடமும் யாருடைய சமயச் சொத்தும் அல்ல, நல்ல கலை எங்கிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கது என்று அவற்றை எழுப்பிய தச்சர்களும் கொத்தர்களும் அறிந்திருந்தார்கள்.

எதிர்த்திசையிலும் இது நிகழ்ந்தது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய பள்ளிகளுக்குள் நுழைந்து பாருங்கள். வரிசையாகக் கற்றூண்கள், அவற்றின்மேல் போதிகைகள், கல் உத்திரங்கள். கோயில் மண்டபத்தின் அதே இலக்கணம். ஆனால் ஓர் உருவமும் இல்லை. தாமரை இதழும் கொடிக்கருக்கும் மட்டுமே தூண்களில் ஓடுகின்றன. கல்தச்சரின் உளி எங்கே நிற்கவேண்டும் என்பதை மார்க்கம் சொன்னது. உளி எப்படி இயங்கவேண்டும் என்பதை இந்த மண் சொன்னது. பாக்தாதிலோ டெல்லியிலோ காணமுடியாத, தமிழ் முஸ்லிம்களுக்கே உரிய பள்ளிக் கலை அப்படித்தான் பிறந்தது.

செஞ்சியின் கற்களுக்கு நேர்ந்த இழப்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வேங்கடரமணர் கோயிலின் உயர்ந்த கற்றூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். இன்று புதுவைக் கடற்கரையில் காந்தியார் சிலையைச் சூழ்ந்து நிற்பவை அவையே. கடற்கரையில் காற்று வாங்கும் நம் குடும்பங்கள் அவற்றைச் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. ஒரு சமூகம் வணங்கிய இடத்தின் தூண்கள் அவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆட்சி கைமாறும்போது முதலில் அடிபடுவது வழிபாட்டிடங்கள்தாம் என்பதை உணர்த்த அதைவிட நல்ல பாடம் வேறில்லை.

பள்ளியும் மன்னனும் ஒன்றல்ல

தேசிங்கு மாண்ட சில ஆண்டுகளிலேயே நவாபின் பள்ளிவாசல் எழுந்தது. வென்றவர் கட்டிய பள்ளி அது என்பதில் ஐயமில்லை. இதைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை, கொண்டாடவும் வேண்டியதில்லை. ஒரு பள்ளிவாசலின் கண்ணியம் அதில் நெற்றி தரையில் பட்ட மனிதர்களால் வருவது. கட்டிய மன்னனின் வாளால் வருவதில்லை. அந்தப் பள்ளியில் சுஜூது செய்த சிப்பாய்க்கும் குதிரைக்காரனுக்கும் நீர் சுமந்தவனுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நவாபின் வரிக்கணக்குக்கு வக்காலத்து வாங்கும் கடமை நமக்கில்லை. பள்ளியை மதிக்க வேண்டுமானால் மன்னனையும் மதித்தாகவேண்டும் என்று நம்மவரில் சிலர் கருதுகின்றனர். மன்னனை வெறுப்பதால் பள்ளியையும் வெறுக்கலாம் என்று பிறர் சிலர் கருதுகின்றனர். இருவரும் ஒரே பிழையின் இரு முனைகளில் நிற்கின்றனர்.

நமக்கே எதிராக அமைந்தாலும் நீதியின் பக்கம் நிற்குமாறு திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. இந்தக் கட்டளை நீதிமன்றச் சாட்சியத்துக்கு மட்டுமா? வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் ஒரு சாட்சியம்தானே!

"கோயில்களையும் சமணர் குன்றுகளையும் போய்ப் பார்ப்பது முஸ்லிமுக்குத் தகுமா?" என்று பேணுதலுடைய பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்களின் அக்கறையை நாம் மதிக்கிறோம். வணங்குவது வேறு, பார்த்துப் படிப்பினை பெறுவது வேறு. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் காணுமாறு குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. துறவியர் மடங்களையும் கிறித்தவ ஆலயங்களையும் யூதர் தொழுமிடங்களையும் பள்ளிவாசல்களையும் அழிவிலிருந்து காக்கப்படவேண்டியவையாக ஒரே வரிசையில் ஹஜ் அத்தியாயம் பேசுகிறது. ஜெருசலேம் நகருக்குச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அங்கிருந்த தேவாலயத்துக்குள் தொழ மறுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தாம் தொழுதால், பின்வருவோர் அதையே காரணமாகக் காட்டி அந்த ஆலயத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். பிறர் வழிபாட்டிடத்தில் ஒரு முஸ்லிம் காட்டவேண்டிய அதபு அதுவே: உள்ளே செல்லலாம், பார்க்கலாம், மதிக்கலாம், உரிமை கொண்டாடக் கூடாது. அதே அதபை நம் பள்ளிக்கும் பிறரிடம் எதிர்பார்க்கும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும்.

நம் கையிலுள்ள செஞ்சிகள்

செஞ்சிக் கோட்டை 1921 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக உள்ளது. தொல்லியல் துறை அதைக் காக்கிறது. அங்குள்ள பள்ளியின் ஒரு கல்லை யாரேனும் பெயர்த்தால் நாம் பதறுவோம், பதறவும் வேண்டும். ஆனால் எந்தத் துறையின் பாதுகாப்பும் இல்லாமல், ஜமாஅத்தின் கையில் மட்டும் உள்ள பழைய பள்ளிகள் தமிழகமெங்கும் இருக்கின்றன. அவற்றின் நிலை என்ன?

பல ஊர்களில் நூற்றாண்டுகள் கடந்த கற்பள்ளி இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் கான்கிரீட் கூடமும் வளைகுடா நாட்டு நாள்காட்டியில் கண்ட குவிமாடமும் எழுகின்றன. தூண்கள் துண்டாக்கப்பட்டு அஸ்திவாரத்தில் போடப்படுகின்றன. கல்வெட்டின்மேல் ஓடு ஒட்டப்படுகிறது. மக்கள்தொகை பெருகிவிட்டது, ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்பது உண்மையான தேவை. அதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் இடம் போதாமைக்கு இடிப்பு ஒன்றே மருந்தன்று. பழைய தொழுகைக் கூடத்தை மிஹ்ராபோடு அப்படியே நிறுத்தி, அதன் முன்புறமோ பக்கவாட்டிலோ புதிய கூடத்தை இணைக்கலாம். இயலாத இடங்களில், இடிக்கும் முன் ஒவ்வொரு தூணையும் எழுத்தையும் படமெடுத்து, கல்வெட்டை வாசிக்கத் தெரிந்தவரை அழைத்துப் படி எடுத்து வைக்கலாம். பெயர்த்த தூண்களைப் புதிய பள்ளியின் முகப்பிலேயே நிறுத்தலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? இந்த மண்ணில் நாம் எப்போது வந்தோம், எப்படி வாழ்ந்தோம் என்ற கேள்வி இனி அடிக்கடி எழும். மேடைப் பேச்சால் அதற்கு விடை கூற இயலாது. கோயில் தச்சனின் உளி செதுக்கிய தாமரையோடு நிற்கும் ஒரு பள்ளித் தூண், நூறு சொற்பொழிவுகள் சொல்லமுடியாததைச் சொல்லும். அந்தத் தூணை நாமே உடைத்துவிட்டு, எவரிடம் போய்ச் சான்று காட்டுவது? வக்ஃபு என்பது நிலத்துக்கும் வாடகைக்கும் மட்டும் உரிய சொல்லன்று. முன்னோர் விட்டுச்சென்ற கலையும் நினைவும் கூட நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களே.

எனவே அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு செஞ்சிக்குச் செல்லுங்கள். பள்ளிவாசலை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர்களையும், வேங்கடரமணர் கோயிலின் கோபுரவாயிலையும், களஞ்சியத்தின் வளைவுகளையும் காட்டுங்கள். மகபத்கானின் கதையைச் சொல்லுங்கள். சுவரில் பெயர் கிறுக்கும் கை எந்தச் சமயத்தவருடையதாயினும் அன்போடு தடுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் மஹல்லாப் பள்ளியின் தூண்களைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டுங்கள்.

செஞ்சியில் நமக்குரியது எது? எந்த மன்னனின் வெற்றியும் நமக்குரியதல்ல. அந்தப் பள்ளியில் விழுந்த சுஜூதுகளும், மகபத்கானின் நட்பும், வளைவைக் கட்டிய கொத்தனின் கைத்திறனும், பிறர் ஆலயத்துக்கு நாம் காட்டக் கடமைப்பட்ட கண்ணியமும் நமக்குரியவை. இவற்றைக் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.